அன்லிமிடெட் என்று எழுதும் தம்பிகளுக்கும், எழுத வைக்கும் அண்ணாச்சிகளுக்கும்

ஓட்டல் வாசலில் அளவுச் சாப்பாடு, அன்லிமிடெட் சாப்பாடு என்று இரண்டு விலை போட்டுப் பலகை தொங்கும். சாப்பிட வருகிறவனின் வயிற்றுக்கு ஓர் அளவு உண்டு என்பது ஓட்டல்காரருக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் தொங்க விடுகிறார். கம்ப்யூட்டரில் ஓடுகிற புரோகிராமுக்கு வயிறு கிடையாது. போதும் என்று இலையை மடக்கத் தெரியாது. கொடுத்தால் வாங்கிக்கொண்டே இருக்கும்.

இதை எழுதக் காரணம், போன ஏழெட்டு மாதத்தில் மூன்று இடத்தில் ஒரே வரியைப் பார்த்துவிட்டேன். விருதுநகரில் ஒரு பருப்பு மில், சாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ். மூன்றிலும் லினக்ஸ் சர்வர். மூன்றிலும் வரம்புகளை எழுதி வைக்கிற கோப்பின் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி, அதற்குப் பக்கத்தில் கோப்புக்கு அன்லிமிடெட், புரோசஸுக்கு அன்லிமிடெட், நினைவகத்துக்கு அன்லிமிடெட். எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. மேலே போட்டிருந்த குறிப்பில் ஓர் எழுத்துப் பிழை. அதுவும் மூன்று இடத்திலும் ஒன்றேதான்!

கம்ப்யூட்டர் பழக்கமில்லாத நண்பர்கள் ஒரு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் ஒரு புரோகிராம் ஒரு கோப்பைத் திறந்தால் அதற்கு ஒரு எண் தருவார்கள், வங்கியில் டோக்கன் தருவது மாதிரி. நெட்வொர்க்கில் யாரோடாவது பேசினால் ஒரு டோக்கன். டேட்டாபேஸோடு இணைப்புப் போட்டால் ஒரு டோக்கன். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு புரோகிராம் ஒரே சமயத்தில் எத்தனை டோக்கன் கையில் வைத்திருக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு, வழக்கமாக 1024. மெஷின் மொத்தத்துக்கும் சேர்த்து எத்தனை டோக்கன் வெளியே இருக்கலாம் என்பதற்குத் தனியாக ஒரு வரம்பு. அதற்கு ஃபைல்-மேக்ஸ் என்று பெயர். முதலாவதைத் தாண்டினால் ‘டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்’ என்று பிழை வரும். இரண்டாவதைத் தாண்டினால் அதோடு ‘இன் சிஸ்டம்’ என்று இரண்டு சொல் கூடும். முதலாவது வந்தால், எவனோ ஒருத்தன் டோக்கனைத் திருப்பித் தராமல் பையில் போட்டுக்கொள்கிறான் என்று அர்த்தம். இரண்டாவது வந்தால், வங்கியிலேயே டோக்கன் தீர்ந்துவிட்டது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஆனால் நம் தம்பிகள் கடைசி இரண்டு சொல்லைப் படிப்பதே இல்லை. இரண்டுக்கும் ஒரே மாத்திரை: அன்லிமிடெட்.

சிவகாசி பிரஸ்ஸில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியிட்டால் மார்கழி வரை அந்த ஊர் பிரஸ்களில் தூக்கம் கிடையாது. வெளியூர் ஏஜெண்டுகள் கடைப் பெயர், விலாசம், போன் நம்பர், எந்த நம்பர் படம் என்று கம்ப்யூட்டர் வழியாகவே ஆர்டர் போடுகிறார்கள். அதற்கு வெளியே ஓர் ஆளிடம் காசு கொடுத்து ஒரு புரோகிராம் செய்து வைத்திருந்தார்கள். அந்தப் புரோகிராம் ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒரு பதிவுக் கோப்பைத் திறக்கும், டேட்டாபேஸுக்கு ஒரு இணைப்புப் போடும். சில வகை ஆர்டரில், அதாவது படம் மாற்றிப் போடுகிற ஆர்டரில், இரண்டையும் மூடாமலே போய்விடும். சீசன் இல்லாத மாதத்தில் 1024 நிரம்பப் பத்து நாள் ஆகும். சீசனில் இரண்டே நாள்.

பிழை வந்ததும் அங்கே இருந்த தம்பி புரோகிராம் செய்தவர்களுக்குப் போன் போட்டான். “கான்ஃபிகரேஷன் பிரச்சினை, லிமிட்டை ஏத்துங்க” என்று பதில். 1024-ஐ 65536 ஆக்கினான். டேட்டாபேஸ் பக்கமும் இணைப்பு போதவில்லை என்று வந்தது. மைஎஸ்கியூஎல்லில் அது முதலில் 151-தான் இருக்கும், அதை ஐயாயிரம் ஆக்கினான். அப்புறம் ஒட்டினான் அந்த அன்லிமிடெட் வரியை. ஒரு மாதம் அமைதி. கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மெஷினில் நினைவகம் தீர்ந்தது. நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் கெர்னல் யாரையாவது ஒருத்தரைப் பலி கொடுத்துத்தான் மற்றவர்களைக் காப்பாற்றும். யார் அதிகம் வைத்திருக்கிறாரோ பெரும்பாலும் அவர்தான் பலி. ஆர்டர் சர்வரில் அதிகம் வைத்திருப்பது யார்? டேட்டாபேஸ். ஒழுகவிட்ட புரோகிராம் பிழைத்துக்கொண்டது, ஒழுங்காக வேலை பார்த்த டேட்டாபேஸ் செத்தது. தானாக எழுந்தது, மறுபடி நிரம்பியது, மறுபடி வெட்டு விழுந்தது. விடியும்வரை இதே கூத்து. உள்ளே இருந்தவை பழைய மைஐஸாம் டேபிள்கள், எழுதும்போது நடுவில் வெட்டினால் உடைகிற ரகம். உடைந்தன. இரண்டு நாள் ஆர்டரைப் போன் போட்டுக் கேட்டுத் திரும்ப எழுதினார்கள். அந்த அவசரத்தில் ஒரு நகைக்கடை காலண்டரில் இன்னொரு கடையின் போன் நம்பர் ஏறி, அச்சடித்த கட்டுகள் லாரியில் திரும்பி வந்தன.

என்னைக் கூப்பிட்டது அதற்கப்புறம். தம்பி சொன்னதை அப்படியே தருகிறேன்: “ஐயா, எர்ரர் வந்துச்சு. ஏத்தச் சொன்னாங்க, ஏத்துனேன். எர்ரர் நின்னு போச்சு.”

“எர்ரர் நின்னுச்சு. ஒழுகுறது நின்னுச்சா தம்பி?” என்று கேட்டேன். அவன் முதலாளியைப் பார்த்தான்.

வேலை பார்த்த காலத்தில் எங்கள் ஆபீசில் எஸ்சிஓ யூனிக்ஸ் மெஷின் ஒன்றில் பதினாறு டெர்மினல் ஓடும். அதிலும் இதே வரம்புகள் உண்டு. என்ஃபைல், என்ப்ராக் என்று பெயர். நிரம்பினால் கன்சோலில் ‘ஃபைல் டேபிள் ஓவர்ஃப்ளோ’ என்று விழும். அந்த எண்ணை மாற்ற வேண்டுமானால் கெர்னலையே மறுபடி இணைத்துக் கட்டி, மெஷினை நிறுத்தி ஏற்ற வேண்டும். பதினாறு பேரையும் எழுப்பி வெளியே அனுப்ப வேண்டும், அதற்கு அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும், காரணம் எழுதித் தர வேண்டும். காரணம் எழுத உட்கார்ந்தால் காரணத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். பாதி நேரம் எவனோ கோப்பை மூடாமல் விட்டது கிடைத்துவிடும், எண்ணை மாற்ற வேண்டிய வேலையே வராது. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை, அந்த மெஷினோடு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் இப்போது ஒரே வரியில், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிவிடலாம் என்ற வசதி வந்ததும் காரணம் தேடுகிற பழக்கம் போய்விட்டது.

“ரேம் சல்லிசு சார், இன்னொரு 32 ஜிபி போட்டுட்டாப் போச்சு” என்கிறார்கள். ஒழுகுகிற பானைக்குப் பெரிய பானை வாங்குகிற யோசனை இது. அதைவிட முக்கியமாக, இருக்கிற நினைவகத்தைத்தான் லினக்ஸ் பங்கு போடுகிறது என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிடையாது. வழக்கமான அமைப்பில், கேட்கிறவனுக்கெல்லாம் ‘சரி, எடுத்துக்கொள்’ என்று கையில் இருப்பதைவிட அதிகமாகவே வாக்குக் கொடுத்து வைக்கும். ஓவர்கமிட் என்று பெயர். எல்லாரும் ஒரே நேரத்தில் வாக்கை வசூலிக்க வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் நடக்கிற ஏற்பாடு. பெரும்பாலும் நடந்துவிடும். வரம்பு எதுவும் இல்லாத நாலு புரோகிராம் ஒரே ராத்திரியில் வசூலிக்க வந்தால்தான் பலி விழும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. வெடி ஆபீஸில் உள்குத்தகை என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். ரூம்களைப் பிரித்து நாலைந்து பேருக்கு விடுவார். ஒவ்வொருவரும் தன் பங்கில் எவ்வளவு ஆள் போடலாமோ போடுவார், எவ்வளவு மருந்து கொண்டுவரலாமோ கொண்டுவருவார். மொத்தக் கணக்கு யாரிடமும் இருக்காது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது இந்த உள்குத்தகைதான் ஊர் முழுக்கப் பேச்சு.

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வெடி ஆபீஸை இழுக்கிறானே என்று சிலருக்குத் தோன்றும். சர்வர் விழுந்தால் யாருக்கும் தோல் உரியாது, அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனாலும் வரம்பு என்றால் எதற்கு என்பதை இந்த மாவட்டத்தில் பிறந்தவனுக்கு வேறு எங்கும் போய்க் கற்றுத் தர வேண்டியதில்லை. 1884-ம் வருடத்து வெடிபொருள் சட்டம், அதன் கீழ் 2008-ம் வருடத்து விதிகள். ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் இடைவெளி இருக்க வேண்டும். இவ்வளவு மருந்துக்கு மேல் கூடாது. கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாது. நாலு பேர் என்று எழுதியதால் உராய்வு நடக்காது என்று அர்த்தமா? நடக்கும். மணி மருந்து உராய்ந்தால் நாலு பேர் ரூமிலும் தீப்பிடிக்கும், நாற்பது பேர் ரூமிலும் தீப்பிடிக்கும். எத்தனை வீட்டில் ஒப்பாரி என்பதை மட்டும் அந்த எண் தீர்மானிக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேர் என்று கணக்குச் சொன்னார்கள். உரிமத்தை நிறுத்தி வைத்திருந்த நிலையிலும் வேலை நடந்தது என்று அப்போது செய்தி வந்தது.

சர்வரிலும் இதே கதைதான். புரோகிராமில் ஓட்டை இருக்கும். இன்று இல்லாவிட்டால் அடுத்த மாதம் புதுப் பதிப்பில் வரும். ஓட்டையை வரம்பு அடைக்காது. அந்த ஓட்டை ஒரு புரோகிராமோடு நிற்குமா, டேட்டாபேஸைக் கொன்று பக்கத்தில் இருக்கும் சம்பளக் கணக்கையும் இழுத்துக்கொண்டு போகுமா என்பதை வரம்புதான் முடிவு செய்கிறது. 1024-ல் அந்தப் புரோகிராம் நின்றிருந்தால் அதை மட்டும் எழுப்பி விட்டு, ஐந்து நிமிடத்தில் வேலையைத் தொடர்ந்திருப்பார்கள். நிற்க விடவில்லை.

இன்னொரு குறுக்கு வழியும் பார்த்தேன். சாதாரணப் பயனராக ஓடும்போது வரம்பு இடிக்கிறது என்று, புரோகிராமை ரூட்டாகவே ஓட்டுவது. ரூட்டுக்கு ஃபைல்-மேக்ஸ் வரம்புகூடக் குறுக்கே நிற்காது. எல்லாரும் செத்த பிறகும் நிர்வாகி உள்ளே வந்து சரிசெய்ய வேண்டுமே என்று வைத்த சலுகை அது. அதை ஆர்டர் புரோகிராமுக்குக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ரூமில் நாலு பேர்தானே கூடாது என்று மரத்தடியில் பாயை விரித்து வெடி கட்டுகிற புத்தி.

இதற்கு விவரம் தெரிந்த ஒரு தம்பி என்னிடம் எதிர்வாதம் வைத்தான். நல்ல வாதம், அதனால் பதில் சொல்ல வேண்டும். “ஐயா, 2018 டிசம்பர்ல வந்த சிஸ்டம்டி 240-ம் பதிப்புல அவங்களே ஃபைல்-மேக்ஸை உச்சத்துக்கு ஏத்திட்டாங்க. மொத்த வரம்பே வேணாம்னு அவங்களே விட்டுட்டாங்களே?” உண்மை. ஆனால் ஏன் விட்டார்கள்? திறந்த கோப்புக்கு ஆகிற நினைவகத்தை, அந்தப் புரோகிராம் இருக்கிற சிகுரூப் கணக்கில் எழுதிப் பிடிக்க முடியும் என்ற நிலை வந்த பிறகு, தனியாகக் கோப்புகளை எண்ணுகிற பழைய சுவர் தேவையில்லை என்று முடிவெடுத்தார்கள். புதுச் சுவரைக் கட்டிவிட்டுப் பழையதை இடித்தார்கள். அதே பதிப்பில் ஒரு புரோகிராமுக்கான வழக்கமான வரம்பை 1024-லேயே விட்டு, தேவைப்படுகிற புரோகிராம் தானே கேட்டு 5,24,288 வரை ஏற்றிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். வாயைத் திறந்து கேட்டால் கிடைக்கும், கேட்காதவனுக்குப் பழைய அளவுதான். நீ செய்தது என்ன? சுவரும் கட்டவில்லை, கேட்டவன் யார் என்றும் பார்க்கவில்லை.

அன்லிமிடெட் என்பதே நோயாகிப் போன கதையும் உண்டு. டாக்கரின் சேவைக் கோப்பில் கோப்பு வரம்பு இன்ஃபினிட்டி என்று எழுதியிருந்தது. முன்பு அப்படி எழுதினாலும் கெர்னல் பத்து லட்சத்துச் சொச்சத்தில் நிறுத்திவிடும். மேலே சொன்ன மாற்றத்துக்குப் பிறகு சில விநியோகங்களில் அந்த இன்ஃபினிட்டி 107 கோடியாகிவிட்டது. பழைய புரோகிராம்கள் சிலவற்றுக்கு ஒரு நல்ல பழக்கம், எழுந்தவுடன் வரம்பு வரை எல்லாக் கோப்பையும் மூடிவிட்டு வேலை ஆரம்பிக்கும். ஆயிரம் தடவை என்றால் கண் இமைக்கும் நேரம். 107 கோடி தடவை மூடப் போனால்? நிமிடக்கணக்கில் சிபியு சூடாகிக்கொண்டு நின்றன. பழைய மைஎஸ்கியூஎல் பதிப்புகள் வரம்பைப் பார்த்து அதற்கேற்ற அட்டவணைக்கு இடம் பிடிக்கப் போய், ஒரு ஆர்டரும் வாங்காமலே பல ஜிபியை விழுங்கின. பின்னால் டாக்கர்காரர்களே அந்த வரியைத் தூக்கினார்கள். பேம் என்கிற நுழைவுச் சோதனையின் பழைய பதிப்புகளில் இன்னும் மோசம். கோப்புக்கு அன்லிமிடெட் என்று எழுதிவிட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே நுழைய முடியாது, ரூட் உட்பட. கெர்னல் அந்த எண்ணை ஏற்காது. பேம் உள்ளே விடாது. பருப்பு மில்லில் அதுதான் நடந்திருந்தது.

1024 என்ன வேதமா என்று கேட்டால், இல்லை. செலக்ட் என்ற பழைய வசதியால் 1024-க்கு மேல் எண்ண முடியாது என்பதால் நின்றுபோன எண் அது. ஆயிரக்கணக்கான இணைப்பை நிஜமாகவே ஒரே நேரத்தில் தாங்க வேண்டிய சர்வருக்கு ஏற்றித்தான் ஆக வேண்டும். நானும் ஏற்றியிருக்கிறேன். ஆனால் அளந்து ஏற்ற வேண்டும். ப்ராக் அடைவில் ஃபைல்-என்ஆர் என்று ஒரு கோப்பு இருக்கிறது, மொத்தம் எத்தனை டோக்கன் வெளியே இருக்கிறது என்று சொல்லும். ஒவ்வொரு புரோசஸின் எஃப்டி அடைவிலும் அது எதை எதைத் திறந்து வைத்திருக்கிறது என்று பெயரோடு இருக்கும். ஒரு வாரம், மணிக்கு ஒரு தடவை எண்ணிப் பார். பகலில் ஏறி ராத்திரி இறங்கினால் அது வேலைப் பளு, ஏற்று. ஏறியது இறங்கவே இல்லையானால் அது ஒழுகல். ஏற்றாதே, புரோகிராம் செய்தவனைப் பிடி.

பழைய யூலிமிட் ஒவ்வொரு புரோசஸையும் தனித்தனியாகத்தான் பார்க்கும், மொத்தமாக ஒரு ரூமைப் பார்க்காது என்ற குறை இருந்தது. அதையும் தீர்த்துவிட்டார்கள். கூகுளில் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் 2006-ல் ஆரம்பித்த சிகுரூப், 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலில் சேர்ந்தது. அதில் நினைவகத்தைப் பங்கு வைக்கிற பகுதியை எழுதியவர் பல்பீர் சிங், சிபியுவைக் குழுவாரியாகப் பங்கு வைப்பதில் பெரிய கை ஸ்ரீவத்ஸ வத்தகிரி. இருவரும் இந்தியாவில் ஐபிஎம்மின் லினக்ஸ் பிரிவில் இருந்தவர்கள். ஒரு சேவையின் கோப்பில் மெமரிமேக்ஸ், டாஸ்க்ஸ்மேக்ஸ் என்று இரண்டு வரி எழுதினால் அந்தப் புரோகிராமுக்கு ஒரு ரூம் கட்டியாயிற்று. உள்ளே எரிந்தால் உள்ளேயே எரியும். பள்ளிக்கூடத்தில் இந்த இரண்டாவது வரி இல்லாததால், பிளஸ் டூ பையன் ஒருவன் தன்னையே பெருக்கிக்கொள்ளும் பதின்மூன்று எழுத்துக் கட்டளையை அடித்து லேப் முழுவதையும் உட்கார வைத்திருக்கிறான். பையனைத் திட்டினார்களாம். எங்கிருந்தோ கற்று வந்திருக்கிறானே என்று எனக்கு அவன் மேல் கொஞ்சம் பிரியம்தான் வந்தது.

இனி அண்ணாச்சிகளுக்கு. தம்பிகளை இவ்வளவு திட்டினேன், ஆனால் என் கோபத்தில் பெரிய பங்கு உங்களுக்கு. மாதம் பன்னிரண்டாயிரம் கொடுத்து ஒரே பையனிடம் பிரிண்டர், வைஃபை, கேமரா, டேலி, சர்வர் எல்லாவற்றையும் ஒப்படைக்கிறீர்கள். “எர்ரர் வரக் கூடாது” என்பது மட்டும்தான் நீங்கள் அவனுக்குச் சொன்ன வேலை. அவன் அதைத்தான் செய்தான். எர்ரர் வராமல் செய்தான். வெடி ஆபீஸில் நாலு பேர் ரூமில் எட்டுப் பேரை உட்கார வைக்க அங்கே வேலை பார்க்கிற பெண்ணுக்கா ஆசை? பீஸ் ரேட்டும் தீபாவளி ஆர்டரும் உட்கார வைக்கின்றன. வெடித்த பிறகு வழக்கில் முதலில் விழுகிற பெயர்களில் போர்மேன் பெயர் இருக்கும். பிரஸ்ஸிலும் அதே வரிசைதான். தம்பியை அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள். புரோகிராம் செய்து கொடுத்தவர்களோடு வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் அப்படியே தொடர்கிறது. ஏன் என்று கேட்டேன். “அவங்க போயிட்டா புரோகிராம் யாரு சார் பாப்பாங்க?” என்றார். அந்தப் பையனைத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன். சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

நான் அங்கே செய்தது அதிகம் இல்லை. அன்லிமிடெட் வரிகளை எடுத்தேன். ஆர்டர் புரோகிராமுக்கு 4096, டேட்டாபேஸ் இணைப்பு முன்பிருந்த 151, இரண்டுக்கும் தனித்தனி ரூம், சம்பளக் கணக்கு வேறு ரூம். எழுபது சதவீதம் தொட்டால் ஒரு செய்தி போகும்படி வைத்தேன். அந்தச் செய்தியைப் புதிதாக வந்த பையனுக்கு அனுப்பவில்லை. அண்ணாச்சியின் வாட்ஸப்புக்கும் புரோகிராம் செய்தவர்களின் நம்பருக்கும் போகிறது. முதல் வாரம் ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் போன் கத்துகிறது என்று அண்ணாச்சி என்னைத்தான் திட்டினார். மூன்றாவது வாரம் அவர்கள் ஆள் அனுப்பி, படம் மாற்றும் ஆர்டரில் விட்டுப்போன இரண்டு வரியைச் சேர்த்துவிட்டுப் போனார்கள். வரும் சித்திரையில் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டுமாம். வரம்பைத் தொட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், காரணம் தராமல் வரம்பை ஏற்றச் சொல்லக் கூடாது என்று ஒரு ஷரத்து சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேஜை மேல் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.